ஒரு நூல் குறைவு

நெடுங்கரையில் சைக்கிள் சீட்டு முழுக்கச் சரியாக அமைந்துவிட்டால், அதில் உட்கார்ந்தவர் பிறகு இறங்குவதில்லை. ஆகவே அந்த ஊரில் எந்தச் சீட்டையும் அளவில் ஒரு நூல் குறைத்தே செய்வார்கள். ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நூல். பார்வைக்கு அது ஒன்றுமில்லை. உட்காருகிறவருக்கு அது போதும். ஒரு மைல் போனதும் லேசாக உறுத்தத் தொடங்கும். இரண்டாம் மைலில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்காரவைக்கும். வீட்டு வாசலை நெருங்கும்போது எப்போது இறங்குவோம் என்று ஆக்கிவிடும். நெடுங்கரைக்காரர்கள் மாலையில் ஒழுங்காக வீடு திரும்புவது அதனால்தான்.

சம்பந்தம் பேசும்போதுகூட இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். “பையனுக்குச் சீட்டு வலிக்குதா?” என்று பெண்வீட்டார் கேட்பார்கள். “நல்லா வலிக்குதுங்க. சின்ன வயசுலேருந்தே வலிக்குது” என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வார்கள். அதன் பிறகுதான் காபி வரும்.

இவ்வளவு கவனமாக இருந்தும் தவறிப்போகிறவர்கள் உண்டு. மழையில் ஊறிய தோல் சில சமயம் தளர்ந்து கொடுக்கும். குறைத்த ஒரு நூல் நிரம்பிவிடும். போய்க்கொண்டிருப்பவர் பெடலை நிறுத்திவிடுவார். அப்படிப்பட்டவர்களைச் சைக்கிளோடு தூக்கிவந்து ஏரிக்கரையில் வேப்பமரங்களுக்குக் கீழே ஸ்டாண்டு போட்டு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மொத்தம் நாற்பத்தொரு பேர். ஒவ்வொரு ஹேண்டில்பாரிலும் பெயர் எழுதிய தகரப் பலகை தொங்கும். அவர்களைப் பார்த்துக்கொள்ள அஞ்சலை என்பவள் இருந்தாள். காலையில் ஈரத்துணியால் முகம் துடைத்துவிடுவாள். வெயில் திரும்பினால் சைக்கிளையும் திருப்பி வைப்பாள். மழை வந்தால் சாக்குப் போர்த்துவாள். வாரம் ஒருமுறை எல்லாச் செயினுக்கும் எண்ணெய் விடுவாள். சாப்பாடு மட்டும் அவரவர் வீட்டிலிருந்து வரவேண்டும்.

உட்கார்ந்தவர்களுக்கு நூறு நாள் வரைக்கும் வீட்டு மனிதர்களைத் தெரியும். நூறு நாளுக்குப் பிறகு சாப்பாடு கொண்டுவருகிறவர் யாரென்று தெரியாது. சாப்பாடு தெரியும்.

உமாபதி பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். கண்ணாடிக் குடுவையின் கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து, சிந்தாமல் அளந்து ஊற்றுவது அவர் வேலை. அவருடைய மனைவி வடிவாம்பாள் கிராமத்து நர்ஸ். கேரியரில் தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒன்பது ஊர்களுக்குச் சைக்கிளில் போவாள். பெட்டியில் ஐஸ் கரைவதற்குள் ஒன்பதாவது ஊரைத் தொட்டாக வேண்டும். பதினான்கு வருடமாக ஒரே சீட்டு. நடுவில் தோல் தொட்டில்போலத் தொய்ந்து, ஓரத்தில் இரும்பு தெரிந்தது. ஒரு நூல் வலிக்கவேண்டிய சீட்டு மூன்று நூல் வலித்தது.

“ஒரு நூல்னா சரிங்க. மூணு நூல் எதுக்கு எனக்கு?” என்றாள் வடிவு. “மூணு நூலுக்கு ஓடி வர்ற மாதிரி இங்க என்ன வச்சிருக்கீங்க?”

உமாபதி அதற்குச் சிரித்தார். அந்த வாரம் புதன்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அவளை மாசிலாமணியின் கடைக்கு அழைத்துப் போனார்.

மாசிலாமணி நாற்பது வருடமாகச் சீட்டு செய்கிறவர். ஏரிக்கரையில் இருக்கும் நாற்பத்தொரு பேரில் ஒருவர்கூட அவர் கைச்சீட்டில் உட்கார்ந்தவர் இல்லை. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. மற்றவர்கள் பேசுவார்கள். கடையின் பின்கட்டில் ஒரு பெரிய மரத்தட்டு வைத்திருந்தார். சலித்த ஆற்றுமணலை நனைத்து அதில் பரப்பி, பலகையால் மட்டம் செய்திருந்தார்.

“உக்காருங்கம்மா. வெக்கப்படாதீங்க. இந்தத் தட்டுல தாசில்தாரே உக்காந்திருக்கார்.”

“அவரு உக்காந்த பள்ளத்தை மூடிட்டீங்களா?”

“ரெண்டு சட்டி மணல் சேத்து மூடினேன்.”

வடிவு சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தாள். மணலில் இரண்டு குழிகள் விழுந்திருந்தன. உட்காரும்போது மனிதரின் பாரத்தைத் தாங்குகிற இரண்டு எலும்புகளின் இடம் அது. மாசிலாமணி ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றொன்றின் நடுவுக்கு நூல்கயிற்றைப் பிடித்து, கட்டைவிரலால் அழுத்தி, அளவுகோலில் வைத்துப் பார்த்தார். பிறகு அவளைச் சைக்கிளில் ஏற்றி, குதிகாலைப் பெடலில் வைக்கச் சொல்லி, முழங்கால் எவ்வளவு நிமிர்கிறது என்று பார்த்தார். சீட்டுத் தண்டில் சுண்ணாம்பால் கோடு போட்டார். எல்லாம் முடிந்தபின், எல்லோரிடமும் கடைசியாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“பதினாறு நாளுக்குள்ள துக்கம் ஏதாவது உண்டா?”

“இல்லை” என்றார் உமாபதி.

வடிவின் தகப்பனார் அதற்கு இருபது நாளைக்கு முன்பு இறந்துபோயிருந்தார். உமாபதி மருமகன். அவர்கள் வழக்கத்தில் மாமனார் சாவுக்கு மருமகனுக்கு மூன்று நாள்தான் துக்கம். மூன்றாம் நாள் தலைமுழுகி, முகம் மழித்து, நான்காம் நாள் வேலைக்குத் திரும்பிவிட்டார். அவரைப் பொறுத்தவரை அது முடிந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. கணக்கு சரியாக இருந்தது. வடிவு பிறந்த வீட்டிலேயே தங்கி, பதினாறு நாளும் தரையில் கோரைப்பாயில் உட்கார்ந்திருந்துவிட்டு, கருமாதி முடிந்து மூன்று நாளுக்கு முன்புதான் திரும்பியிருந்தாள். அவள் கணவரைப் பார்த்தாள். அளப்பதில் அவர் தவறமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். சைக்கிளிலிருந்து இறங்கிக்கொண்டாள்.

நாலாம் நாள் சீட்டு தயாரானது. பளபளவென்று பழுப்புத் தோல், கீழே இரண்டு ஸ்பிரிங். மாசிலாமணி அளவில் ஒரு நூல் குறைத்திருந்தார். சீட்டின் மூக்கை மட்டமாக வைத்து, போல்ட்டை முடுக்கி, அவளை ஏரிவரைக்கும் போய்வரச் சொன்னார். போய்வந்து இறங்கினாள்.

“எப்படிம்மா?”

“சரியா வலிக்குதுங்க.”

“அப்ப சரி.”

பத்து நாள் அப்படியே போனது. மாலை ஆறு மணிக்கு சைக்கிள் மணி கேட்கும். சற்று முகம் சுளித்தபடி இறங்குவாள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து, “டீ போடுங்க” என்பாள். உமாபதி டீ போடுவார்.

பதினோராம் நாள் அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசற்படியில் வடிவின் செருப்பு இருந்தது. இரண்டும் ஜோடியாக, உள்பக்கம் பார்த்து. இன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, “வடிவு” என்று கூப்பிட்டார். கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தார். மறுபடி வாசலுக்கு வந்தார். சுவரில் சைக்கிள் இல்லை. செருப்பில் மண் துடைக்கப்பட்டிருந்தது. ஏரிக்கரையில் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால் அஞ்சலை அவருடைய செருப்பைத் துடைத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவாள். அங்கே அது தேவைப்படாது.

உமாபதி அடுப்பை அணைத்துவிட்டு நடந்தார்.

வரிசையின் கடைசியில், ஏரியைப் பார்த்து அவளை நிறுத்தியிருந்தார்கள். பலகையில் பெயர் இன்னும் ஈரமாக இருந்தது. அஞ்சலை அவரைக் கண்டதும் கையிலிருந்த எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தாள்.

“மத்தியானமே வந்துட்டாங்க சார். அந்தப் புளியமரத்துத் திருப்பத்துல நின்னுட்டாங்க. நாலு பேரா தூக்கிட்டு வந்தோம். நல்ல கனமான சைக்கிள்.”

“வடிவு, வா. போகலாம்” என்றார் உமாபதி.

“இருங்க. இப்பத்தானே உக்காந்தேன்.”

“வலிக்கலையா?”

“இல்லைங்க.”

“முதுகு?”

“இல்லை.”

“அப்பா நெனப்பு?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். தண்ணீரில் ஒரு நாரை நின்றுகொண்டிருந்தது. “அதுவும் வலிக்கலை” என்றாள்.

அவர் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கை வந்தது. ஆள் வரவில்லை.

மறுநாள் மாசிலாமணி ஸ்பேனரோடு வந்தார். ஆள் உட்கார்ந்திருக்கும்போது அந்த போல்ட் திரும்பாது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் மூன்று முறை முயன்றார். பிறகு ஸ்பேனரைத் துணியில் சுற்றிக்கொண்டு, வேப்பமரத்தடியில் குந்தி உட்கார்ந்தார்.

“சீட்டை ஒன்னும் செய்ய முடியாது சார். ஆளு ஒரு நூல் மாறணும். கூடினாலும் சரி, குறைஞ்சாலும் சரி. ஒரு நூல் மாறிட்டா தானா உறுத்தும். உறுத்தினா இறங்கிடுவாங்க.”

“எவ்வளவு நாள் இருக்கு?”

“நூறுன்னு சொல்வாங்க. உங்களுக்குத் தெரியாததா?”

உமாபதி அன்றிலிருந்து சமையலை மாற்றினார். ஒரு நூல் கூடவேண்டும் என்பதுதான் அவருக்கு எளிதாகத் தெரிந்தது. காலையில் நெய்விட்ட பொங்கல், மதியம் பருப்பும் உருளைக்கிழங்கும், மாலையில் அதிரசம். தூக்குவாளிகளோடு ஒரு நாளைக்கு மூன்று நடை. பக்கத்தில் நின்று ஊட்டிவிடுவார். அவளும் வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டாள்.

முதல் சில நாள் ஒன்பது ஊர்த் தாய்மார்களும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கே வந்தார்கள். வடிவு சைக்கிளில் இருந்தபடியே குனிந்து ஊசி போட்டாள். மூன்றாம் நாளுக்குமேல் பெட்டிக்கு ஐஸ் வரவில்லை. அடுத்த வாரம் வேறொரு நர்ஸ் வந்து பெட்டியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனாள். வடிவு அவளுக்கு ஒவ்வோர் ஊரிலும் கடிக்கிற நாய் எந்த வீட்டில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாள்.

ஐம்பதாம் நாள் வடிவின் கன்னம் உருண்டிருந்தது. வளையல் இறுகிவிட்டது. மாசிலாமணி வந்து, சீட்டுக்கும் அவளுக்கும் இடையில் கயிற்றை விட்டுப் பார்த்தார்.

“சதை போட்டிருக்கு சார். எலும்பு அப்படியேதான் இருக்கு.”

“இன்னும் போட்டா?”

“இன்னும் கொஞ்சம் மெத்துன்னு இருக்கும் அவங்களுக்கு.”

அஞ்சலை அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். “அதிரசத்தை நிறுத்திடாதீங்க சார். மிச்சத்தை எனக்குத்தான் தர்றாங்க” என்றாள்.

அறுபதாம் நாளுக்குப் பிறகு வடிவு பேசுவது குறைந்தது. கேட்டால் பதில் சொல்வாள். தானாக எதுவும் கேட்பதில்லை. ஒருநாள் உமாபதி மழையில் நனைந்துகொண்டே வந்தார். தலையைத் துவட்டிக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்வாள் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அவள் தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தானாகவே துவட்டிக்கொண்டார்.

மாசிலாமணிக்கு இரண்டு மாதமாகத் தூக்கம் சரியில்லை. மழையில் ஊறியிருந்தால்கூடப் புதுத்தோல் பதினோரு நாளில் தளராது. ஒரு நூல் குறைத்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அந்தக் குறை எங்கே போனது என்று தெரியவில்லை. எழுபதாம் நாள் காலையில் வடிவை அளந்த கயிற்றை மறுபடி எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தார். மணலில் அளந்தபோது போட்ட முடிச்சு அதில் அப்படியே இருந்தது. இப்போது அவள் உட்கார்ந்திருக்கும் அகலத்தையும் அளந்தார். அந்த முடிச்சுக்கு இது ஒரு நூல் குறைந்திருந்தது. அவர் உமாபதியைத் தனியாக மதகுப் பக்கம் அழைத்துப் போனார்.

“சார், அளவு எடுத்த அன்னைக்கு அம்மா ஒரு நூல் அகலமா இருந்திருக்காங்க. அதுல நான் ஒரு நூல் குறைச்சேன். அப்புறம் அவங்க பழைய அளவுக்கு வந்துட்டாங்க. ரெண்டும் நேராப் போச்சு. மனுசன் ஒரு நூல் அகலமாகிறது துக்கத்துல மட்டுந்தான். நான் கேட்டேனே சார்.”

“மாமனார் தவறிட்டாரு. மூணு நாள்னு எண்ணினேன்.”

“உங்களுக்கு மூணு நாள். சீட்டு உங்களுக்கா செஞ்சேன்?”

மதகில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. உமாபதி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். குடுவையில் கோட்டைப் பார்க்கும்போது எப்படிக் கண்ணை இடுக்குவாரோ அப்படி இடுக்கிக்கொண்டிருந்தார்.

“அப்ப மறுபடி ஒரு நூல் அகலமானா…”

“இறங்கிடுவாங்க. ஆனா அவங்க அப்பா மறுபடி சாக முடியாதே.”

“நான் செத்துட்டேன்னு சொன்னா?”

மாசிலாமணி அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “புருசன் சாவுல அளவு நிச்சயமில்லை சார். சில பேருக்கு மூணு நூல் போகும். சில பேருக்குக் கால் நூலோட நின்னுடும். அதுவும் இல்லாம, நீங்க செத்தா சாப்பாடு யாரு கொண்டுவர்றது? அம்மாவுக்குக் கூடப்பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?”

“ஒரு அண்ணன்.”

“அண்ணன்னா ஒரு நூல் கச்சிதமா வரும்.”

வடிவின் அண்ணன் தண்டபாணி நான்கு மணி நேரப் பயணத்தில் உள்ள ஓர் ஊரில், அரிசி மில்லில் எடைபோடுகிறவர். உமாபதி விவரமாகக் கடிதம் எழுதினார். பதில் வர இரண்டு வாரமாயிற்று. மில்லில் அறுவடை நெல் வந்திருப்பதாகவும், அது முடிந்ததும் வருவதாகவும், வேறு யார் சொன்னாலும் வடிவு நம்பமாட்டாள் என்பதால் தானே நேரில் வந்து சொல்வதாகவும் எழுதியிருந்தார். அதற்குள் தன் வீட்டிலும் சொல்லி, ஏற்பாடுகளை முடித்துவிடுவதாகவும் இருந்தது.

தொண்ணூற்றேழாம் நாள் பதினோரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, மழித்த முகம். கையில் பை இல்லை.

“வாங்க மச்சான். காபி சாப்பிடுறீங்களா?” என்றார் உமாபதி.

“வேணாம் மாப்ளே. கிளம்பறப்பவே வாயில அரிசி போட்டுட்டாங்க.”

இருவரும் ஏரிக்கரைக்கு நடந்தார்கள். மாசிலாமணி முன்பே வந்து, சீட்டுக்குக் கீழே மண்டியிட்டு, கயிற்றைப் பொருத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அஞ்சலை வடிவின் முகத்தை இரண்டாம் முறையாகத் துடைத்துவிட்டாள்.

“வா அண்ணே” என்றாள் வடிவு. அந்த வாரத்தில் அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு அது. “எப்ப வந்தே?”

“இப்பத்தான். பதினோரு மணி பஸ்ஸுல.”

“அண்ணி நல்லா இருக்காங்களா?”

“அழுதுகிட்டு இருக்கா.”

“ஏன்?”

“நான் செத்துட்டேன் வடிவு.”

அவள் அவரைப் பார்த்தாள். “எப்போ?”

“முந்தாநாள். மூட்டை நிறுத்துக்கிட்டு இருந்தேன். நெஞ்சை அடைச்சிச்சு. அப்படியே தராசுமேலயே உக்காந்துட்டேன்.”

“பக்கத்துல யாரும் இல்லையா?”

“மில்லு ஓடிக்கிட்டிருந்துச்சு. கூப்பிட்டது யாருக்கும் கேக்கலை.”

“எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?”

“அதுக்குத்தானே நானே வந்திருக்கேன்.”

வடிவு அண்ணனின் வேட்டி ஓரத்தில் ஒட்டியிருந்த உமியைப் பார்த்தாள். “தண்ணி கேட்டியா?” என்றாள்.

“கேட்டேன்.”

“குடுத்தாங்களா?”

“கேக்கலையே யாருக்கும்.”

அதற்குத்தான் அவள் அழுதாள். முதலில் சத்தமில்லாமல் தோள் மட்டும் ஆடியது. பிறகு ஹேண்டில்பாரில் தலையை வைத்துக்கொண்டு, “என் பொறப்பே, ஒரு வாய் தண்ணி இல்லாமப் போனியா” என்று ஓங்கி அழுதாள். வரிசையில் இருந்த மற்றவர்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்டபாணி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

“கால் நூல்” என்றார் மாசிலாமணி கீழேயிருந்து. கொஞ்சம் பொறுத்து, “அரை” என்றார். அதற்குப்பின் நெடுநேரம் கயிறு நகரவில்லை. “முக்கால்… வருது… வந்துடுச்சு.”

வடிவு நிமிர்ந்து, மூக்கைச் சிந்திவிட்டு, இடப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு வலப்பக்கம் சாய்ந்தாள்.

“என்னங்க, இந்தச் சீட்டு உறுத்துது.”

உமாபதி கையைக் கொடுத்தார். அவள் அதைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டு, கீழே இறங்கினாள். வெறும்பாதம் தரையில் பட்டதும் சுடுகிறது என்றாள். அவர் தன் செருப்பைக் கழற்றி அவளிடம் தள்ளினார்.

மாசிலாமணி மட்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை. காலிச் சீட்டின் ஸ்பிரிங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் அமுங்கியபடியே இருந்தன. கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். ஸ்பேனரை எடுத்து போல்ட்டில் போட்டுத் திருப்பினார். போல்ட் திரும்பவில்லை.

“ஆளு இருக்கு. பழைய அளவு அம்மா இன்னும் இறங்கலை” என்றார்.

அஞ்சலை பலகையைக் கழற்றப் போனவள், கையை எடுத்துக்கொண்டாள்.

தண்டபாணி மதியம் இரண்டு மணி பஸ்ஸில் திரும்பிப்போனார். சொன்னதை மாற்றிச் சொன்னால் வடிவு பழைய அளவுக்கு வந்துவிடுவாள் என்று மாசிலாமணி எச்சரித்திருந்தார். அதனால் தண்டபாணி அதை மாற்றவில்லை. பஸ்ஸில் இடமிருந்தும் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கண்டக்டர் அவரைத் தாண்டிப் போய்ப் பின்னால் இருந்தவருக்கு டிக்கெட் கிழித்தார். ஊரில் அவருடைய படத்துக்கு மாலை போட்டு, கீழே விளக்கேற்றியிருந்தார்கள். அவர் பின்வழியாக வீட்டுக்குள் போனார்.

வடிவு மறுநாளே அங்கே போய், பதினாறு நாளும் தரையில் உட்கார்ந்தாள். உமாபதியும் இந்த முறை கூடவே இருக்க நினைத்தார். ஆனால் ஏரிக்கரைச் சீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோக ஆளில்லை. தூக்குவாளியை ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு, மதகு வரை நடந்து போய்விட்டுத் திரும்பினால் அது காலியாகியிருக்கும். முன்பைவிடக் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுவதாக அஞ்சலை சொன்னாள். ஒருநாள் அவர் கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் பதில் சொல்லவில்லை. ஸ்பிரிங் ஒன்று லேசாகக் கிரீச்சிட்டது.

கருமாதிக்கு உமாபதி ஒருநாள் மட்டும் போய்வந்தார். அன்று படையலில் தண்டபாணிக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தார்கள். தண்டபாணி கொல்லையில் முருங்கைமரத்தடியில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டார். காக்கைகளுக்கும் கொஞ்சம் எடுத்து வைத்தார். வடிவு கொல்லைப்பக்கம் பார்க்காமல் பாத்திரங்களைத் தேய்த்தாள்.

திரும்பி வந்த மறுநாள் காலையில் அவளே சமைத்தாள். எப்போதும்போல அளவாக அரிசி போட்டு, பிறகு இன்னொரு ஆழாக்கு சேர்த்துப் போட்டாள். உமாபதி தூக்குவாளியைத் துடைத்து வைத்தார். பதினொன்றரை மணிக்கு அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள்.

“நான் போறேன். நீங்க இருங்க.”

போய்வர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. உமாபதி வாசலிலேயே நின்றார். அவள் நடந்து வந்து, படியில் செருப்பைக் கழற்றினாள்.

“சாப்பிட்டாளா?”

“சாப்பிட்டா. ரசம் மட்டும் வேணாம்னுட்டா.”

“வேற என்ன சொன்னா?”

“நீங்க யாருன்னு கேட்டா. பக்கத்து வீடுன்னு சொன்னேன்.”

உமாபதி தூக்குவாளியை வாங்கிக் கழுவப் போட்டார்.